சபைப் பாட்டுத் தகராறு: கீர்த்தனையும் கிற்றாரும் ஒரே ஆராதனையில் ஒத்துப்போக என்ன செய்யலாம்?

"உந்தச் சத்தத்துக்கை எப்பிடிச் செபிக்கிறது?" என்று முன் வாங்கில் இருக்கும் ஐயா கேட்பார். "அந்தப் பாட்டுத் தொடங்கினாலே நித்திரை வருது" என்று பின்னால் நிற்கும் பெடியள் சொல்லுவார்கள். தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம், மெதடிஸ்த திருச்சபை, இலங்கைத் திருச்சபை, கத்தோலிக்கப் பங்கு என்று எந்த வாசலால் நுழைந்தாலும் இந்த இரண்டு முறைப்பாடும் காதில் விழும். முதலாவது முறைப்பாடு ஒலியளவைப் பற்றியது. இரண்டாவது பெரும்பாலும் வேகத்தைப் பற்றியது. இரண்டையும் "பழசா, புதுசா" என்ற கேள்வியாக்கி நிருவாகக் கூட்டத்தில் வைத்தால் அது தீராது. மிக்சரிலும் கீபோர்ட்டிலும் கை வைத்தால் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிதான் உண்மையில் இருந்து பேச வேண்டியது.

இந்தக் குறிப்பு பாடகர் குழுத் தலைவர்கள், கீபோர்ட் வாசிப்பவர்கள், ஒலிபெருக்கியைக் கவனிப்பவர்கள், பாட்டைத் தெரிவு செய்யும் பொறுப்பில் இருக்கும் போதகர்கள், பங்குத்தந்தையர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது.

முறைப்பாட்டைப் பிரித்தெடுங்கள்

ஒரு மாதத்துக்கு யாரோடும் வாதாடாமல் முறைப்பாடுகளைச் சேருங்கள். ஒரு கொப்பியில் ஐந்து பத்தி கோடு போட்டால் போதும்: சொல், சுருதி, சத்தம், வாத்தியம், தெரிவு. "வரி விளங்கேல்லை" சொல்லுக்குப் போகும். "எட்டேலாமல் கிடக்கு" சுருதிக்குப் போகும். "கோயில்லை மிருதங்கம் ஏன், கச்சேரியோ?" வாத்தியத்துக்குப் போகும். "எங்களைக் கேக்கிறதே இல்லை" தெரிவுக்குப் போகும். "இதெல்லாம் ஆவிக்குரியதில்லை" என்பது போன்ற வசனங்களை உடனே எழுதிவிடாமல், "எந்தப் பாட்டு அக்கா, எந்த இடத்திலை?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எழுதுங்கள். பதில் அநேகமாகச் சுருதியிலோ சத்தத்திலோ வந்து நிற்கும்.

இப்படிப் பிரிக்காமல் கூட்டம் வைத்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். ஒரு பக்கம் கொலோசெயர் 3:16ஐ எடுக்கும். மறுபக்கமும் அதே வசனத்தையே எடுக்கும். அதில் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு மூன்றும் இருப்பதால் எவரும் தோற்கமாட்டார்கள். புதுப்பாட்டைப் பாடுங்கள் என்ற 96ஆம் சங்கீதமும், பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்ற ஆமோஸ் 5:23உம் மோதும். ஆமோஸ் கண்டித்தது நியாயம் செய்யாமல் பாட்டு மட்டும் பாடியவர்களை. அந்த வசனத்தை மின் மேளமான ஒக்டபாட்டுக்கு எதிராகத் திருப்புவது சரியான வாசிப்பல்ல. 150ஆம் சங்கீதத்தில் தம்புரும் கைத்தாளமும் இருக்கின்றன என்பதை வைத்து ஒலியளவை எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம் என்பதும் அப்படித்தான்.

பாரம்பரியம் என்று எதைச் சொல்கிறோம்

கூட்டத்தின் தொடக்கத்தில் பத்து நிமிடம் வரலாறு பேசுவது பயன்தரும். அதற்கு மேல் வேண்டாம், விரிவுரையாகிவிடும். எடுத்துச் சொல்லத்தக்கவை சில.

சீர்திருத்தக் காலத்தில், சீர்திருத்தத் தலைவர் சுவிங்லியின் சூரிச் நகரக் கோயில்களில் ஓர்கன் நிறுத்தப்பட்டது. கல்வின் வழிவந்த சபைகள் நீண்ட காலம் சங்கீதங்களை மட்டுமே பாடின. 1707இல் ஆங்கிலப் பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் தம் சொந்தப் பாடல்களை நூலாக வெளியிட்டபோது, வேதத்தில் இல்லாத சொற்களைச் சபையில் பாடலாமா என்பதே சர்ச்சையாக இருந்தது. இன்றைக்கு நாம் பழைய ஞானப்பாட்டு என்று கட்டிப்பிடிக்கும் வடிவம் அன்றைய புதுப்பாட்டு. கத்தோலிக்கரின் பக்கம் பார்த்தால், 1903இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் வெளியிட்ட அறிவுறுத்தல் கோயிலில் பியானோவையும் மேளம் முதலான இரைச்சல் வாத்தியங்களையும் தடுத்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, கிரகோரியன் இசைக்கும் குழாய் ஓர்கனுக்கும் சிறப்பிடம் கொடுத்துக்கொண்டே, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்கச் சொன்னது. பொருத்தமான மற்ற வாத்தியங்களுக்கும் அது வழிவிட்டது.

நம் கதை இன்னும் கிட்ட. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தெல்லிப்பழையிலும் பிறகு வட்டுக்கோட்டையிலும் வேலை தொடங்கியபோது அவர்கள் கொண்டுவந்தது மேல்நாட்டு மெட்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த கீர்த்தனைகளின் பெரும் ஊற்று தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவை பாக்குநீரிணை கடந்து வந்தவை. ஆர்மோனியமோ 1842இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி. ஆகவே நம் பழைய ஆராதனை என்று சொல்லும் அந்த ஞாயிறு காலையில் சுவிஸ், ஆங்கில, தஞ்சாவூர், பிரெஞ்சுச் சரக்கு எல்லாம் கலந்தே இருந்திருக்கிறது.

இதைச் சொல்வதன் நோக்கம் முதியவர்களை மடக்குவது அல்ல. "அப்ப எல்லாமே ஒருகாலத்திலை புதுசுதானே, எதையும் பாடலாம்" என்று வாலிபர் ஐக்கியம் இதிலிருந்து முடிவெடுத்தால் அதுவும் பிழை. வாட்ஸின் பாட்டுகள் நிலைத்தது சனங்கள் அவற்றைப் பாடக்கூடியதாக இருந்ததால். அதே அளவுகோலைத்தான் இப்போதைய பாட்டுக்கும் வைக்கவேண்டும்.

யார் முடிவெடுப்பது

தெரிவு என்ற பத்தியில் முறைப்பாடு நிறைந்தால் ஒரு சிறு குழு தேவை. ஏழு பேர் போதும்: போதகர் அல்லது பங்குத்தந்தை, கீபோர்ட் வாசிப்பவர், பாடகர் குழுவில் ஒருவர், வாலிபர் இருவர், வாத்தியம் தெரியாத முதிய பெண் ஒருவர், ஓய்வுநாட் பள்ளி அல்லது மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர். வாத்தியம் தெரியாதவர் கட்டாயம் இருக்கவேண்டும். பாடத் தெரிந்தவர்கள் மட்டும் கூடினால் பாடுவதற்குக் கடினமான பாட்டுகளே தெரிவாகும்.

கத்தோலிக்கத் திருப்பலியில் குழுவின் சுதந்திரம் குறைவு. உன்னதங்களிலே, தூயவர் போன்றவை வழிபாட்டின் உறுப்புகள். மெட்டை மாற்றலாம், சொல்லை நினைத்தபடி மாற்ற முடியாது. தவக்காலத்தில் உன்னதங்களிலேயும் அல்லேலூயாவும் இல்லை. வாத்தியம் பாட்டைத் தாங்க மட்டுமே. நான்காம் ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் விதிவிலக்கு. பாட்டில்லாமல் கீபோர்ட் மட்டும் தனியே இழைத்துக்கொண்டிருப்பது அந்த நாற்பது நாளில் முறையல்ல. பசாம் (பாடுகளின் புலம்பற் பாட்டு) பாடும் பங்குகளில் தவக்காலம் வாத்தியச் சண்டைக்கு இயல்பாகவே ஒரு இடைவேளை கொடுக்கிறது. அந்த நேரத்தில் வாத்தியமில்லாமல் பாடிப் பழகினால் உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகும் சபையின் குரல் பலமாக இருக்கும்.

சுருதி: தகராறின் நடு நரம்பு

ஒரு சபையில் ஆண்களும் பெண்களும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். எல்லோரும் கஷ்டமில்லாமல் தொடக்கூடிய எல்லை, கீபோர்ட்டில் கீழே ஏ (ஆறு கட்டை) முதல் மேலே டி (இரண்டு கட்டை) வரை. கட்டை என்பது சுருதியைக் குறிக்கும் எண். காலை ஏழு மணி ஆராதனையில் தொண்டை திறந்திருக்காது, மேல் எல்லையை இன்னும் அரைக் கட்டை குறையுங்கள். பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் கண்டுபிடித்து, இரண்டையும் இந்த எல்லைக்குள் தள்ளினால் வேலை முடிந்தது.

கீர்த்தனைகளுக்கு மூன்று நிலை வரும்.

கீழ்ப் பஞ்சமம் (ப) தொட்டு மேல் ஷட்ஜத்தில் (ச) நிற்கும் பாட்டுக்கு இரண்டு கட்டை சரி. கீழ்ப் பஞ்சமம் ஏயில் விழும், மேல் ஷட்ஜம் டியில் நிற்கும்.

ஷட்ஜத்துக்குக் கீழே போகாமல் மேல் காந்தாரம் (க) வரை ஏறும் பாட்டுக்கு ஆறு அல்லது ஆறரைக் கட்டை. அந்தர காந்தாரம் என்றால் ஆறு கட்டையில் மேல் முனை சி ஷார்ப்பில் நிற்கும், ஆறரையில் டியைத் தொடும்.

கீழ்ப் பஞ்சமமும் மேல் காந்தாரமும் இரண்டும் வரும் பாட்டுக்கு எந்தக் கட்டையும் சரிவராது. சரணத்தைப் பாடகர் குழுவுக்கோ தனிக்குரலுக்கோ விட்டு, பல்லவியைச் சபைக்குக் கொடுங்கள். கீர்த்தனையின் அமைப்பே அதற்கு இடம் வைத்திருக்கிறது.

கர்நாடக சங்கீதம் படித்த ரீச்சர்மார் தங்கள் ஐந்தரைக் கட்டையிலும், ஆண் பாடகர்கள் ஒரு கட்டையிலும் நின்று அசையாமல் இருப்பது வழக்கம். மேடைக் கச்சேரிக்கு அது நியாயம். சபைக்குப் பாடுபவரின் கட்டை முக்கியமல்ல, பாட்டின் மேல் முனை எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம்.

யூரியூப்பில் வரும் புதுப்பாட்டுகளின் சிக்கல் வேறு விதம். ஆண் குரலில் பதிவான பாட்டு, கோரஸ் வரும்போது ஜி அல்லது ஏ வரை ஏறும். அதைப் பதிவில் உள்ளபடியே வாசித்தால் ஆண்கள் கத்துவார்கள், பெண்கள் ஸ்தாயி மாற இடமில்லாமல் வாயை மூடுவார்கள். டிரான்ஸ்போஸ் பொத்தானில் ஐந்து படி குறைத்தால் ஜி டியாகும். ஆனால் இந்தப் பாட்டுகளில் முதல் சரணம் ஒரு ஸ்தாயி தாழ்வாகத் தொடங்குவதால், ஐந்து குறைத்ததும் அந்தச் சரணம் கிணற்றுக்குள் போய்விடும். அதைத் தனிக்குரலுக்குக் கொடுத்துக் கோரஸில் சபையைச் சேருங்கள். கடைசிக் கோரஸில் ஒரு படி ஏற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பதிவுக்குக் கவர்ச்சி, சபைக்குக் களைப்பு.

ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்போஸ் மாற்றினால் கீபோர்ட் மட்டுமே மாறும். கிற்றார்காரர் கேப்போவைச் சரிசெய்தாரா, வயலின்காரருக்குச் சொல்லியாயிற்றா என்று பாட்டுக்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டுக்குப் பூச்சியத்துக்குத் திரும்ப மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. பாட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் கட்டையையும் டிரான்ஸ்போஸ் எண்ணையும் பென்சிலால் எழுதிவைத்தால் தப்பலாம்.

கீபோர்ட்டில் கீர்த்தனை ஏன் கெட்டுப்போகிறது

முதியவர்கள் "பாட்டைப் பழுதாக்கிப்போட்டாங்கள்" என்று சொன்னால், அதில் பெரும்பாலும் இசை உண்மை இருக்கும். அவர்களால் அதைப் பெயர் சொல்லிக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.

முதல் குற்றவாளி கோர்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பது. சங்கராபரண ராகத்தில் அமைந்த பாட்டு மேல்நாட்டு மேஜருக்கு நேர் என்பதால் வழக்கமான கோர்ட் எல்லாம் பொருந்தும். நடபைரவி மைனருக்கு நேர். மோகனத்தில் மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) இல்லை. ஷட்ஜத்தைச் சியில் வைத்தால் கையில் இருப்பது சி, டி, ஈ, ஜி, ஏ மட்டுமே. அதற்கு எஃப் மேஜர் போட்டால் மத்திமம் புகும், ஜி மேஜர் போட்டால் நிஷாதம் புகும். கொஞ்ச நாளில் பிள்ளைகள் அந்தச் சுரங்களையும் சேர்த்துப் பாடத் தொடங்குவார்கள், ராகம் கரைந்துவிடும். சி மேஜர், ஏ மைனர் இரண்டோடும் நில்லுங்கள். மாற்றம் வேண்டுமென்றால் ஜி-சி-டி என்று மூன்று சுரத்தைச் சேர்த்துப் பிடியுங்கள். அது ராகத்துக்குள்ளேயே இருக்கிறது.

மாயாமாளவகௌளையில் இன்னும் கவனம் வேண்டும். சி சுருதியில் இதன் ரிஷபம் (ரி) டி பிளாட். வரி முடிவில் பழக்கதோசத்தால் ஜி மேஜர் போட்டால் அதற்குள் பிளாட் இல்லாத டி இருக்கும். பாடுபவரின் டி பிளாட்டும் உங்கள் டியும் ஒன்றோடொன்று உரசும். இங்கே சி மேஜர், டி பிளாட் மேஜர், எஃப் மைனர், ஈ மைனர் நான்கும் ராகத்துக்குள் வருபவை. சந்தேகம் என்றால் கோர்ட்டையே விட்டுவிட்டு ஷட்ஜம், பஞ்சமம் இரண்டையும் தம்புராவாகப் பிடித்துக்கொண்டிருங்கள். ஆனந்தபைரவி போலக் கமகத்தில் (சுரத்தை அசைத்துப் பாடுவதில்) உயிர் வைத்திருக்கும் ராகங்களுக்கும் இதுவே வழி. மெட்டை வயலினோ குரலோ கொண்டுபோகட்டும், கீபோர்ட் சுருதி மட்டும் பிடிக்கட்டும்.

அடுத்தது தானியங்கித் தாளம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் (எண்ணிக்கை) நான்கு நான்காகப் பிரிந்து ஸ்டைல் என்ற கீபோர்ட்டின் ஆயத்தத் தாளத்துக்குள் அடங்கும். ரூபகத்தை மூன்று எண்ணிக்கை ஸ்டைலில் சமாளிக்கலாம். மிசிரசாபு ஏழு, மூன்றும் இரண்டும் இரண்டும். வழக்கமாகக் கீபோர்ட்டில் வரும் ஸ்டைல்களில் ஏழுக்கு இடமில்லை. நான்கு எண்ணிக்கை ஸ்டைலைப் போட்டால் வரி முடிவில் ஒரு அட்சரம் இழுபட்டு எட்டாகும், சபை அதையே பழகிவிடும், பத்து வருடத்தில் அசல் நடை யாருக்கும் தெரியாது. எடுப்பும், அதாவது பாட்டுத் தொடங்கும் இடமும், இப்படித்தான். தாளத்தின் முதல் அடியான சமத்துக்குப் பிறகு அரை அட்சரமோ ஒன்றரை அட்சரமோ தள்ளித் தொடங்கும் கீர்த்தனையை, கீபோர்ட் கொடுக்கும் "ஒன்று இரண்டு மூன்று நாலு"க்குப் பிறகு சமத்திலேயே தொடங்கிவிட்டால் சொல்லின் அழுத்தம் எல்லாம் இடம் மாறி விழும்.

ஆகவே கீர்த்தனைக்கு ஸ்டைலை நிறுத்துங்கள். மிருதங்கம் அல்லது தபேலா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு சோடிக் கைத்தாளம் போதும். மிருதங்கம் சைவக் கோயிலுக்கு உரியது என்ற தயக்கம் சில குடும்பங்களில் இருக்கும். மருதனார்மடத்துக் கிறிஸ்த சேவா ஆச்சிரமம் போன்ற இடங்கள் தமிழ் மரபில் வழிபடும் பழக்கத்தை நீண்ட காலமாகவே வைத்திருக்கின்றன என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். ஆனாலும் ஒரே ஞாயிறில் திணிக்காமல், முதலில் ஒரு கீர்த்தனைக்கு மட்டும் மெதுவாக வாசிக்கவிடுங்கள்.

ஞானப்பாட்டுகளுக்கு வேறு மருந்து. அங்கே குற்றம் வேகத்தில். நிமிடத்துக்கு 60 அடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் பாட்டை 76 முதல் 84 வரை கொண்டுவாருங்கள், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு அடி மூச்சுக்கு விடுங்கள். "நித்திரை வருது" என்ற முறைப்பாட்டில் பெரும்பங்கு இதோடு போய்விடும். மெட்டே சலித்துவிட்டால் பாடலின் மேல் போட்டிருக்கும் அளவை, அதாவது ஒவ்வொரு வரியின் அசை எண்ணிக்கையை, பாருங்கள். 8.8.8.8 என்று இருந்தால் அதே அளவுள்ள வேறு மெட்டில் அந்தச் சொற்களைப் பாடலாம். 1551இல் வந்த பழைய நூறாம் சங்கீத மெட்டு இந்த அளவுதான். 8.6.8.6க்கும் அப்படியே. முதலில் முதல் சரணத்தைத் தனியே பாடிப் பாருங்கள். தமிழில் குறில் விழும் இடத்தில் மெட்டு நீட்டினால் "கடல்" "காடல்" ஆகிவிடும், அந்தச் சோடியைக் கைவிடுங்கள்.

சத்தம்

நம் பழைய கோயில்கள் பலவற்றுக்குத் தடித்த சுண்ணக்கற் சுவர், உயர்ந்த கூரை. நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். ஓசை அடங்க ஒன்றரை வினாடிக்கு மேல் எடுத்தால் அந்த மண்டபம் டிரம்ஸ் செட்டுக்கு ஏற்றதல்ல. ஒவ்வொரு அடியும் முந்திய அடியின் எதிரொலியில் மோதும், சொல் கேட்காது. அப்போது ஒலிகாரர் குரலைக் கூட்டுவார், கிற்றார்காரர் தன்னைக் கூட்டுவார், எல்லாம் ஏறிக்கொண்டே போகும்.

கைபேசியில் டெசிபெல் அளக்கும் செயலி ஒன்றைப் போடுங்கள். ஏ நிறை, மெதுவான அளவு என்ற அமைப்பில் வையுங்கள். இரண்டு மூன்று டெசிபெல் பிழை இருக்கும், பரவாயில்லை. சபை இல்லாமல் ஒத்திகையில் நடு வாங்கில் 75 முதல் 78 வரை நின்றால் நல்லது. சபையும் சேர்ந்து பாடும்போது 85ஐத் தாண்டாமல் இருக்கட்டும். செவிப் பாதுகாப்புக்குப் பரவலாக எடுக்கும் அளவு, 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி. 94இல் ஒரு மணி நேரம் மட்டுமே. காதுக்குக் கேடு வருவதற்கு முன்பே வேறொன்று நடக்கும்: பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்காவிட்டால் சனங்கள் பாடுவதை நிறுத்திவிடுவார்கள். அது 85க்குக் கீழேயே தொடங்கலாம்.

ஒலி அமைப்பில் ஒழுங்கு இதுதான். ஸ்பீக்கர்களை இரண்டு மீற்றர் உயரத்தில், முகம் சற்றுக் கீழே சாய்த்து, சுவரைப் பார்க்காமல் சனங்களைப் பார்க்க வையுங்கள். மைக்குகள் ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கட்டும், கீச்சிடுவது குறையும். குரல் மைக்குகளில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மங்கலாகக் கேட்டால் 250 முதல் 400 வரை இரண்டு மூன்று டெசிபெல் குறையுங்கள். மிக்சரின் எதிரொலி எஃபெக்டை முழுவதும் நிறுத்துங்கள், அதைக் கட்டடமே கொடுக்கிறது. முதலில் முன்பாடகரின் குரல், பிறகு கீபோர்ட், பிறகு கிற்றார், கடைசியாக ஒக்டபாட். குரல் தெளிவாகக் கேட்கும் வரை அடுத்ததைத் திறக்க வேண்டாம். துணைக்குரல் மைக் இரண்டுக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேர் எட்டு மைக்கில் பாடினால் சபைக்கு வேலை இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டை மின்சாரம் இல்லாமல் பாடுங்கள். கரண்ட் நிற்கும் நாளுக்கு அது ஒத்திகை, முதியவர்களுக்கு ஆறுதல். தங்கள் கிற்றார் எவ்வளவு மெதுவாகவும் சபையைத் தாங்கும் என்று பெடியளும் கண்டுகொள்வார்கள்.

சொல்

புதுப்பாட்டை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. பாட்டைத் தெரிவு செய்யும் முன் மெட்டில்லாமல் குழுவில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். இந்தப் பாட்டு யாரைப் பற்றிப் பேசுகிறது? தேவன் செய்தது என்ன என்று ஒரு வரியாவது சொல்கிறதா? முழுவதும் "நான், எனக்கு, என்" என்று போகிறதா, சபையாகச் சொல்லும் "நாம்" எங்காவது வருகிறதா? "நான்" பாட்டே தள்ளத்தக்கது என்றில்லை, சங்கீதங்களில் பாதி அப்படித்தான். ஒரு ஆராதனையின் ஐந்து பாட்டும் "நான்" பாட்டாக இருந்தால்தான் குறை.

இன்னொன்று, சமஸ்கிருதம் கலந்த பழைய கீர்த்தனை வரிகள் பல இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளங்குவதில்லை. பாட முன் அரை நிமிடத்தில் ஒரு வரியின் பொருளைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வரியைத் திருத்தி எழுதாதீர்கள். எதுகை மோனை உடைந்துபோகும், மனப்பாடமாகப் பாடும் அப்புவும் ஆச்சியும் பழைய வரியையே பாடுவார்கள், இரண்டும் சேர்ந்து குழம்பும்.

திரையில் போடுவதானால் கடைசி வாங்கு 15 மீற்றரில் என்றால் எழுத்தின் உயரம் திரையில் 12 சென்ரிமீற்றர் அளவு இருக்கவேண்டும். அது ஒரு பக்கத்துக்கு நான்கு வரிக்கு மேல் இடம் கொடுக்காது. காலை ஆராதனையில் பக்கக் கதவுகள் திறந்திருக்க வெயில் திரையில் விழும். கதவைச் சாத்தினால் வெக்கை. ஆகவே திரையை வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள் அல்லது தாள் அச்சடியுங்கள். பாட்டிலக்கப் பலகையைக் கழற்ற வேண்டாம். திரையில் போட்டாலும் இலக்கத்தைச் சொல்லுங்கள், பாட்டுப்புத்தகத்தோடு வருபவர் அதைத் திறக்கட்டும்.

அச்சடிப்பதில் ஒரு சட்ட விடயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒருவரின் ஆக்கத்துக்கு அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 வருடமும் பாதுகாப்பு உண்டு. சாஸ்திரியாரின் கீர்த்தனையைத் தாராளமாக அச்சடிக்கலாம். உயிரோடு இருக்கும் பாடலாசிரியரின் பாட்டைப் புத்தகமாகப் போடுவதானால் எழுதிக் கேளுங்கள்.

எத்தனை, எந்த ஒழுங்கில்

கடந்த பன்னிரண்டு ஞாயிறுகளில் பாடிய பாட்டுகளை எழுதி, சபை உண்மையில் பாடியவற்றுக்கு எதிரே புள்ளி போடுங்கள். முன்பாடகர் மட்டும் பாடியதற்குப் புள்ளி இல்லை. புள்ளி வாங்கியதுதான் சபையின் கையிருப்பு, பழசோ புதுசோ. ஒரு ஆராதனையில் ஐந்து பாட்டு என்றால் நான்கு இந்தக் கையிருப்பிலிருந்து வரவேண்டும். புதிது மாதத்துக்கு ஒன்று. அறிமுகமான ஞாயிறு பாடகர் குழு மட்டும் பாடும், இரண்டாம் ஞாயிறு கோரஸில் சபை சேரும், மூன்றாம் நான்காம் ஞாயிறுகளில் முழுவதும். நான்கு வாரத்தில் ஒட்டாத பாட்டை விட்டுவிடுங்கள், பதிவு எவ்வளவு பிரபலமாக இருந்தாலும்.

கலக்கும்போது ராகமும் வேகமும் உதவும். ஒரு ஞானப்பாட்டும் ஒரு புதுப்பாட்டும் ஒரே கட்டையில் இருந்தால் இடையில் நிறுத்தாமல் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகலாம். இருபது நிமிடம் தொடர்ச்சியாக நின்றுகொண்டு பாடும் துதி நேரத்தை முதியவர்கள் வெறுப்பதற்குக் காரணம் பல வேளை முழங்கால். "இருந்து பாட விரும்புகிறவர்கள் இருக்கலாம்" என்று முன்பாடகர் ஒரு வரி சொன்னால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

இரண்டு ஆராதனையாகப் பிரிப்பதைக் கடைசி வழியாக வைத்திருங்கள். காலை ஆறரைக்குக் கீர்த்தனை, ஒன்பதுக்குக் கிற்றார் என்று பிரித்த சபைகளில் இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் காணாமல் போய்விடும். பிள்ளைகளுக்குக் கீர்த்தனை தெரியாது, முதியவர்களின் செத்தவீட்டில் பாட ஆளிருக்காது. செத்தவீடும் நத்தாரும் தான் எல்லோரும் சேரும் இடம். அங்கே பாட வேண்டிய பாட்டுகளைச் சாதாரண ஞாயிறுகளிலேயே வாலிபருக்குப் பழக்கிவிடவேண்டும். ஒளிவிழாவுக்கு ஒரு கிழமைக்கு முன் ஒத்திகை வைத்துப் பழக்க முடியாது.

சில பெடியள் இதற்குப் பிறகும் வேறு சபைக்குப் போவார்கள், சில முதியவர்கள் பின் வாங்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள். போனவர்களைப் பாட்டினால் மட்டும் திருப்பிக் கொண்டுவர முயலாதீர்கள். அவர்கள் போன காரணம் அநேகமாகக் கொப்பியில் உள்ள ஐந்து பத்திக்கு வெளியே இருக்கும், போதகர் வீட்டுக்குப் போய்க் கதைத்தால்தான் தெரியவரும். குழு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடிப் புள்ளிப் பட்டியலை மறுபடி பார்க்கட்டும். புள்ளி குறைந்த பாட்டின் கட்டையையும் வேகத்தையும் முதலில் மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகும் சபை பாடாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.